இது எந்தப் பள்ளிவாசல், தம்பி?

(சங்கத்தின் பொன்விழா விருந்தில் நினைவுப் பரிசை அறிமுகப்படுத்திப் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரியாணி வருவதற்கு முன்னால் பேசச் சொல்லி என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் பயத்தோடுதான் பேசுகிறேன். இருபது நிமிடம் கேட்டிருக்கிறேன்.

நான் பேச்சாளன் இல்லை, வியாபாரி. போர்ட்டிக்சன் போலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்தேன். தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, சிரம்பானில் கோப்பை, கேடயம், நினைவுப் பரிசு விற்கும் கடை வைத்தேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, அரசு அலுவலகத்தில் பணி ஓய்வு, கல்யாண நிச்சயம் என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். இன்று உங்கள் மேசையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறதே, அதுவும் என் கடையிலிருந்து வந்ததுதான். பிள்ளைகள் இப்போதே பிரிக்க வேண்டாம். துண்டு காணாமல் போனால் நான் பொறுப்பில்லை.

அந்த உறை எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

போன வருடம் செயலவை என்னைக் கூப்பிட்டு, பொன்விழாவுக்கு 350 நினைவுப் பரிசு வேண்டும் என்றது. எனக்குச் சந்தோஷம். மொத்த வியாபாரியிடமிருந்து கேட்லாக் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கட்டிக்குள் லேசரால் செதுக்கிய பள்ளிவாசல். பெரிய குவிமாடம், நாலு மனாரா, அடியில் விளக்கு எரியும், பொத்தானைத் தட்டினால் நீலம் பச்சை சிவப்பு என்று மாறும். ஒன்று 19 ரிங்கிட். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மாதிரி கையிலிருந்து கைக்குப் போய்க் கடைசியில் நம் முன்னாள் செயலாளர் ஐயாவிடம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது எந்தப் பள்ளிவாசல், தம்பி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மதீனாவும் இல்லை, இஸ்தான்புல்லும் இல்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவர் கணினியில் வரைந்தது. "பொதுவான பள்ளிவாசல்தான், ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "பொதுவான வாப்பா, பொதுவான அம்மா என்று யாருக்காவது உண்டா?" என்று கேட்டுவிட்டு அதை மேசையில் வைத்துவிட்டார். அந்த ஆர்டர் அங்கேயே நின்றது.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. 350 துண்டு சின்ன வியாபாரமா? ஆனால் வீட்டுக்குப் போய் எங்கள் காட்சிப் பேழையைப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அதேதான் இருக்கும். மக்காவிலிருந்து வந்த கடிகாரம், ஆக்ராவிலிருந்து வந்த சின்ன தாஜ்மகால், லங்காவிக் கழுகு. தாஜ்மகாலில் மூக்குப்பொடி நிறத்தில் தூசி. அது எங்கள் நன்னா வாங்கியதாம். நன்னா ஆக்ராவுக்குப் போனதே இல்லை. சென்னையில் கப்பலேறும் முன் வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் அதைக் காட்டி ஒரு கதையும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு கடையை நினைத்தேன். என் கடையில் அதிகம் விற்பது என்ன? எருமைக் கொம்பு போல இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகும் மினாங்கபாவ் கூரை. நெகிரி செம்பிலானில் பேருந்து நிறுத்தம், நுழைவாயில், மாவட்ட அலுவலகம் எல்லாவற்றிலும் இந்தக் கொம்பு இருக்கிறது. சாவிக்கொத்து முதல் கேடயம் வரை நானும் அதைத்தான் வெட்டுகிறேன். ஒரு நாள் கோலா பிலாவிலிருந்து ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் வந்தார். அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டு, "இது சுமத்ரா கூரை. எங்கள் பாட்டி வீட்டுக் கூரை இப்படி இல்லை. நீளமாக இருக்கும், முனையில் கொஞ்சம்தான் தூக்கியிருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. சிரம்பான் கலை பண்பாட்டு வளாகத்தில் பிரித்து எடுத்துவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கும் அம்பாங் திங்கி அரண்மனையைப் போய்ப் பார்த்தேன். 1860களில் கட்டிய மர வீடு. அவர் சொன்னது சரி. கூரை முனை மெதுவாகத்தான் தூக்கியிருக்கிறது. கூர்மையான கொம்பு அதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்ரீ மெனாந்திக்கும் போனேன். நம்மில் பல பேர் இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்தும் அங்கே போனதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே முன்பிருந்த அரண்மனையை 1870களின் சண்டையில் பிரிட்டிஷ் படை எரித்துவிட்டது. யாம்துவான் துவாங்கு முகமது காலத்தில் 1902இல் இந்த அரண்மனையைத் தொடங்கி 1908இல் முடித்தார்கள். கட்டியவர்கள் துக்காங் கஹார், துக்காங் தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்கள். 99 தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு போர்வீரரைக் குறிக்கும் என்பார்கள். நாலு அடுக்கு உயரம். இரும்பு ஆணி கிடையாது, மரத்தில் துளை போட்டு மர முளை அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். 1931 வரை அரச குடும்பம் அதில் வாழ்ந்தது, 1992இல் அருங்காட்சியகமாக்கினார்கள். கஹாரும் தாயிபும் எந்தப் போலிடெக்னிக்கிலும் படிக்கவில்லை. அவர்கள் போட்ட பொருத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என் கடைக் கேடயங்களை நான் பசை போட்டுத்தான் ஒட்டுகிறேன், இந்த நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் ஆறு மாதத்தில் பிரிந்து வருகிறது. அவர்கள் மரம் ஊதும், சுருங்கும் என்று தெரிந்தே இடம் விட்டுக் கட்டினார்கள். நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

சரி, செயலவைக்குத் திரும்ப வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு நான் மூன்று மாதிரிப் படம் கொண்டுபோனேன். மூன்றும் பெயர் சொல்லக்கூடிய கட்டடங்கள். ஒன்று ஸ்ரீ மெனாந்தி. இரண்டாவது கீழக்கரை ஜும்மா பள்ளிவாசல். மூன்றாவது நாகூர் மனாரா.

கீழக்கரையை நான் நேரில் பார்த்தது உறவினர் கல்யாணத்துக்கு ராமநாதபுரம் போனபோது. வள்ளல் சீதக்காதி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பள்ளிவாசல். குவிமாடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அது பள்ளிவாசலாகவே தெரியாது. வரிசை வரிசையாகக் கருங்கல் தூண். தூணுக்கு மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகை, அதன் முனையில் வாழைப்பூ மொட்டுப் போலச் செதுக்கியிருப்பார்கள். தட்டையான கல் கூரை. கோயில் மண்டபம் கட்டும் அதே கல்தச்சு முறை. ஆனால் ஓர் உருவம் கிடையாது: யாளி இல்லை, சிலை இல்லை, தாமரை, கொடி, கட்டம் மட்டும். கட்டுவித்தவர்கள் நம் ஆட்கள், உளி பிடித்தவர்கள் அந்த ஊர்க் கல்தச்சர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இதைச் செதுக்கு, இதை விடு என்று முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை. காயல்பட்டினத்திலும் இதே சாயலில் பழைய பள்ளிகள் இருக்கின்றன. குவிமாடம்தான் பள்ளிவாசல் என்று நாம் நினைப்பது பின்னால் வந்த பழக்கம். பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையே பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஆட்கள் தொடங்கியது. இன்று நாம் படம் எடுக்கும் பெரிய குவிமாடமும் மனாராவும் 20ஆம் நூற்றாண்டில் வந்த திருத்தம்.

நாகூரில் ஐந்து மனாரா. உயரமானது 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அந்த நினைவைக் கப்பலில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் இன்னொரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். பினாங்கிலும் ஒன்று இருக்கிறது. இதுவும் ஒரு வகை நினைவுப் பரிசுதான், பேழைக்குள் வைக்காமல் தெருவில் வைத்தார்கள்.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் சண்டை ஆரம்பித்தது. கீழக்கரை வைத்தால் கடையநல்லூர்க்காரர் சும்மா இருப்பாரா? "எங்கள் ஊரில் பள்ளிவாசல் இல்லையா?" என்றார். பனைக்குளத்துக்காரர் தன் பங்குக்குக் கேட்டார். நாகூரை வைத்தால் தர்கா விஷயத்தில் மனம் ஒப்பாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள்தான். ஸ்ரீ மெனாந்தி அழகுதான், ஆனால் "அரண்மனையில் நாம் என்ன தம்பி செய்தோம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தேநீர் ஆறிப்போனது.

அப்போது மகளிர் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, "நாம எல்லாரும் சேர்ந்து தொழுத இடம் ஒண்ணுதானே. தோட்டத்துச் சூராவைச் செய்யேன் தம்பி" என்றார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். இந்தச் சங்கம் சிரம்பானில் பிறக்கவில்லை. லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயங்களுக்கும் ஒட்டுக்கடைக்கும் நடுவில் இருந்த பலகைச் சூராவில் பிறந்தது. ஒரு கடைக்காரர், ஒரு கிராணி, ஒரு லாரி ஓட்டுநர், சைக்கிளில் துணிமூட்டை கட்டி விற்ற ஒருவர், பால்மரம் வெட்டிய சில குடும்பங்கள். மாதச் சந்தா இரண்டு ரிங்கிட். முதல் வரவுசெலவு நோட்டு இன்னும் நம் அலுவலகத்தில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டம் கைமாறி, லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஜனங்கள் சிதறினார்கள். சூராவ் ஒரு பகலில் போயிற்று. அங்கே இப்போது வீடமைப்புத் திட்டம். எந்த இடத்தில் நின்றது என்று இன்று போய்ப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. சுவர்க் கடிகாரத்தை மட்டும் யாரோ எடுத்துவந்தார்கள். அது நம் மண்டபத்தில், இதோ இந்தத் தூணில் மாட்டியிருக்கிறது. ஓடவில்லை.

செய்யச் சொல்லிவிட்டார்கள். அளவு? வரைபடம் கிடையாது. படம்? வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டேன். ஐம்பது பேர் "நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று எழுதினார்கள். ஒருவரிடமும் படம் இல்லை. சூராவ் தினமும் கண்ணில் படுவது, அதை யார் படம் எடுப்பார்கள்? மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாணப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை. மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஜரிகைத் தாள் ஒட்டிய மோரிஸ் மைனர் கார். காருக்குப் பின்னால், நம் சூராவின் முன்பக்கம், வலது பாதி.

அந்தப் படத்தோடு நான் பத்து நாள் குடித்தனம் நடத்தினேன். டிப்ளோமாவுக்கு வேலை வந்தது அப்போதுதான். படத்தில் அளவு தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோரிஸ் மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம். ஆனால் கார் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, சுவர் பின்னால் இருக்கிறது. பக்கத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், அதனால் காரை மட்டும் நம்ப முடியாது. பிறகு கூரையைப் பார்த்தேன். துத்தநாகத் தகட்டில் வளைவு வளைவாக இருக்கிறதே, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு மூன்று அங்குலம், அது வழக்கமான அளவு. படத்தைப் பெரிதாக்கி இறவாணத்து ஓரத்தில் ஒவ்வொன்றாக எண்ணினேன். வாசல் நடுவிலிருந்து மூலை வரை 52. அப்படியென்றால் 13 அடி. கூரை சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் 12. வாசல் சுவருக்கு நடுவில்தான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஆக முன்சுவர் 24 அடி.

சரிதானா என்று யாரிடம் கேட்பது? அத்தா ஒரு யோசனை சொன்னார்கள். சூராவைக் கட்டியவர் தோட்டத்து ஆசாரி. அவர் இந்து, மாரியம்மன் கோயில் கொட்டகையையும் அவர்தான் கட்டினார். அவர் காலமாகிவிட்டார், அவருக்குக் கையாளாக இருந்த மகன் ரந்தாவ் பக்கம் இருக்கிறார் என்றார்கள். தேடிப் போனேன். எழுபது தாண்டியவர். என்னைத் தெரியாது, ஆனால் அத்தா பெயரைச் சொன்னதும், "கடைக்கார பாய் மகனா? உட்காருப்பா" என்றார். சூராவ் என்ன அளவு என்று மட்டும்தான் கேட்டேன். என் கணக்கைச் சொல்லவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"இருபத்து நாலுக்கு இருபது. தரையிலிருந்து மூணடி தூக்கி சிமெண்டுக் கால்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குப் புரியவில்லை. "ஏம்ப்பா, தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். லயத்து வீடுகள் எல்லாம் சாலைக்கு நேராக நிற்கும், சூராவ் மட்டும் சாய்ந்து நிற்கும். அவர் அப்பாவுக்கு அது உறுத்தலாக இருந்ததாம். கயிறு பிடித்து நேராக்கப் பார்த்தாராம். நம் பெரியவர்கள், "ஆசாரி, அது கிப்லா, விடுங்க" என்று சொல்லிச் சாய்த்தே முளை அடிக்க வைத்தார்களாம். இங்கிருந்து கிப்லா நேர் மேற்கு இல்லை. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 22 பாகை திரும்பியது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசல் மனாராக்கள் சாலையை ஒட்டி நேராக இருக்கும், உள்ளே தொழும் கூடம் கோணமாகத் திரும்பியிருக்கும். 1826இல் நிறுவிய பள்ளியில் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் செய்ததைத்தான் நம் தோட்டத்துப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். உங்கள் உறையில் இருக்கும் அடிப்பலகையில் சாலையைக் கோடாக வெட்டியிருக்கிறேன். சூராவ் அதற்குக் கோணலாகத்தான் உட்காரும். செயலவையில் ஒருவர் அதைப் பார்த்து, "பொருத்தியது பிசகிவிட்டது தம்பி" என்றார். பிசகவில்லை.

ஆண்களுக்கெல்லாம் முன்பக்கம் ஞாபகம் இருந்தது. பின்பக்கம் பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெண்களிடம் கேட்டேன். அவர்களுக்கு உள்ளே எத்தனை தூண் என்று தெரியாது. ஆனால் பின்பக்கம் அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. வடக்கு மூலையில் கஞ்சிக் கொட்டகை, நாலு கம்பு, தகரக் கூரை. மூன்று கல் அடுப்பு, பெரிய தேக்சா. பக்கத்தில் ரம்புத்தான் மரம். நோன்பு மாதம் அஸருக்குப் பிறகு லயத்துப் பிள்ளைகள் எல்லாரும், இந்துப் பிள்ளைகள் உட்பட, தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். என் அம்மா சொன்னார்கள்: "கொட்டகை இல்லாம சூராவைச் செஞ்சா அது சூராவே இல்ல." அதனால் கொட்டகை தனித் துண்டாக வந்தது. அதற்கு ஒரு ரிங்கிட் கூடியது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரி விலை சொல்லாமல் இறங்கினால் சந்தேகப்படுவீர்கள். ஒன்று 26 ரிங்கிட். கண்ணாடிப் பள்ளிவாசலைவிட ஏழு கூட. லாபம் வைத்தேனா? வைத்தேன், கொஞ்சம். பிறகு அந்த லாபமும் போனது. அது என் தவறு. மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை லேசரால் வெட்டும்போது கதிர் தன் பங்குக்கு ஒரு மயிரிழை தின்றுவிடும், அதைக் கணக்குப் பண்ணி ஒவ்வொரு காடியையும் சிறிதாக வெட்டினேன். ஸ்ரீ மெனாந்தியைப் பார்த்துவந்த ரோஷத்தில், பசை இல்லாமல் துண்டுக்குள் துண்டு செருகிப் பொருந்த வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். குளிர்சாதன அறையில் எல்லாம் அருமையாகப் பொருந்தியது. வெட்டிய பெட்டிகளை ஸ்டோரில் வைத்தேன். ஒரு வாரம் மழை. பலகை ஊதிவிட்டது. சோதித்துப் பார்த்தபோது நாற்பது செட்டில் காடி வெடித்தது. மரம் ஊதும் என்று கஹாருக்கும் தாயிபுக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. மிச்சத்தையும் நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் திரும்ப வெட்டினேன். இந்த முறை ஒவ்வொரு காடியிலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் வெயில் நாளில் சிறிது தளர்வாக இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். மழை வந்தால் இறுகிக்கொள்ளும்.

ஏன் ஒட்டிக் கொடுக்காமல் துண்டாகக் கொடுக்கிறாய் என்று என் மனைவியே கேட்டாள். ஒட்டிக் கொடுத்தால் நேராகப் பேழைக்குப் போய் தாஜ்மகால் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். துண்டாக இருந்தால் யாராவது உட்கார்ந்து பொருத்த வேண்டும். பிள்ளை கேட்கும், இது என்ன துண்டு என்று. நன்னாவோ நன்னியோ பதில் சொல்ல வேண்டி வரும். தஞ்சாவூரில் நெட்டி என்ற நீர்த்தாவரத்தின் வெள்ளைத் தண்டைச் சீவி, பெரிய கோயிலையே உள்ளங்கை அளவில் செய்கிறார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பார்த்தால் அசந்துபோவீர்கள். எனக்கு அந்தக் கை கிடையாது. என்னிடம் இருப்பது லேசரும் ஒரு கல்யாணப் படமும்தான். அதனால் பாதி வேலையை உங்களிடம் விட்டிருக்கிறேன்.

பொருத்தும் முறை: அடிப்பலகையில் சாலைக் கோடு உங்கள் பக்கம் இருக்கட்டும். முதலில் பன்னிரண்டு கால். பிறகு தளம். அதன் பிறகு வாசல் சுவர், பக்கச் சுவர் இரண்டு, கடைசியாக மிஹ்ராப் பிதுங்கியிருக்கும் மேற்குச் சுவர். சன்னலை வெட்டித் திறந்தே வைத்திருக்கிறேன், தோட்டத்தில் யாரும் அதைச் சாத்திப் பார்த்ததில்லையாம். கூரையைக் கடைசியில் மேலே வையுங்கள், அமுக்க வேண்டாம். கொட்டகை வடக்கு மூலையில். ரம்புத்தான் மரமும் ஒன்று இருக்கிறது, அது எங்கே நின்றது என்று பெண்களிடம் கேட்டு நட்டுக்கொள்ளுங்கள். ஸ்ரீ மெனாந்தியை நான் விடவில்லை. அதே முறையில் கடையில் விற்பனைக்கு வைத்திருக்கிறேன், கொம்பு இல்லாமல், மெதுவாகத் தூக்கிய கூரையோடு. கோலா பிலா ஆசிரியர்தான் முதல் ஆளாக இரண்டு வாங்கிப் போனார்.

இன்னும் ஒன்று பாக்கி. வாசல் படி. கல்யாணப் படத்தில் படியை மறைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை கார் நிற்கிறது. முன்னாள் செயலாளர் ஐயா ஐந்து படி என்கிறார்கள். என் அத்தா ஆறு என்கிறார்கள். இருவரும் ஒரே வருடத்தில் அந்தத் தோட்டத்துக்கு வந்தவர்கள், ஒரே படியில் ஏறி இறங்கியவர்கள். மூன்றடி உயரத்துக்கு இரண்டு கணக்கும் வரும். தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்து எண்ணினால் ஐந்தும் ஆறும் ஒன்றுதான் என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருமே என்னைத் திட்டினார்கள். ஆசாரி மகன், "படி நான் போடல, அப்பாதான் போட்டாரு" என்று நழுவிவிட்டார்.

அதனால் உறைக்குள் இரண்டு படிக்கட்டு வைத்திருக்கிறேன். ஐந்து படி உள்ளது ஒன்று, ஆறு படி உள்ளது ஒன்று. யாரிடமாவது அந்தப் பக்கத்துப் படம் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறேன். அதுவரை உங்கள் வீட்டில் எது சரியென்று படுகிறதோ அதைச் செருகிக்கொள்ளுங்கள். மற்றதைத் தூக்கிப் போட வேண்டாம்.